ஏரோப்ளேனுக்கு உடைத்த தேங்காய்

ஆம்பூரில் ரயில் ஏறிய தோல் கம்பெனி டிரைவரும் அவர் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். "ஏரோப்ளேனுக்குத் தேங்கா உடைச்சது நான்தானே" என்று அவர் சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"எந்த வண்டி வாங்குனாலும் முதலாளி என்னைத்தான் உடைக்கச் சொல்வாரு. அவரு புதுசா வாங்குன குட்டி ப்ளேனுக்கும் உடைச்சேன். சில்லைப் பொறுக்கல. எஞ்சின் போட்டதும் ஒண்ணு எகிறி, மூக்குல சுத்துற விசிறியைப் பேத்துடுச்சு."

"இன்சூரன்ஸ்காரங்க இன்னா சொல்றாங்க?"

"நாமளே கீழ போட்ட பொருளால ஒடஞ்சா பணம் தரமாட்டாங்களாம். பறவை மோதுச்சுன்னா கிடைக்குமாம். இன்னிக்கு விசாரணைல அப்படிச் சொல்லு, இல்லன்னா வேலைக்கு வராதேன்றாரு மேனேஜர்."

"சொல்லப் போறியா?"

"விசிறில தேங்கா நார் ஒட்டிக்கினு இருக்குதே! எந்தப் பறவைக்கு நார் இருக்குது?"

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். குடியாத்தம் தாண்டியதும் கணவர் பக்கம் திரும்பினார்.

"நெசத்தையே சொல்லிடுய்யா. எனக்கு ஆஸ்பத்திரி வேலை இருக்குது, சமாளிச்சுக்கலாம்."

"சொல்லிடறேன். வியாழக்கிழமை புது லாரி வருது, அதுக்கும் தேங்கா உடைக்கணும்."

"வேலையிலயே வெச்சிருக்காங்களோ இல்லியோ!"

"வெச்சிருந்தா, தேங்காயோட தொடப்பமும் எடுத்துக்கினு போறேன்."