உப்புக்காத்துக்கு எந்த ஆணி

ஷஹனாஸ்: ...காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சுக் குடுங்கன்னு பதினோரு வருஷமாக் கேக்குறேன். அதுக்கு நேரமில்ல. இப்ப ஆணி அடிக்கிற மிஷினே வாங்கணும்னு பரங்கிப்பேட்டையிலேந்து பஸ் புடிச்சு சிதம்பரம் வந்துட்டாரு துரை.

நஸ்ருதீன்: மெதுவாப் பேசு. கடையில நாலு பேரு இருக்காங்க.

ஜெயராணி: நாலு பேரெல்லாம் இல்ல பாய், நான் ஒருத்திதான். கடையும் என்னுதுதான். கூச்சப்படாம சண்ட போடுங்க. என்னா வேணும்?

நஸ்ருதீன்: நெயில் கன். அதுக்கு ஆணியும்.

ஜெயராணி: எதுல அடிக்க?

ஷஹனாஸ்: என் தம்பி ஆசிக் கடலோரமா புது வீடு கட்டியிருக்கான்க்கா. முன்பக்க எலிவேஷன் பூரா மரப்பலகை அடிக்கணுமாம். பலகை வந்து எறங்கி ஒரு மாசம் ஆவுது. ஆசாரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. இவரு 'நான் பாத்துக்குறேன் மச்சான்'னு வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு.

ஜெயராணி: ஓ... பாய் ஆசாரியா?

நஸ்ருதீன்: இல்ல, இல்ல...

ஷஹனாஸ்: அய்யய்யோ, யாரப் பாத்து என்னா கேட்டுட்டீங்க! கத்தார்ல சூப்பர்வைசருக்கா இவரு. ஏசி ரூமு, சுத்துற நாற்காலி. எங்க வாப்பா மூணு தெருவுக்குச் சொல்லி வச்சிருக்காரு. ஆசாரின்னு அவரு காதுல விழுந்துச்சு, மருமவன வாசல்லயே நிக்க வச்சுடுவாரு.

நஸ்ருதீன்: அது எதுக்கு இப்ப... அக்கா, நீங்க மிஷினக் காட்டுங்க.

ஜெயராணி: இந்தாங்க. பின் அடிக்கிறது. சின்னதா, அழகா. சின்னப் புள்ளகூடத் தூக்கலாம்.

ஷஹனாஸ்: அப்ப இவருக்கு சரியா இருக்கும்.

நஸ்ருதீன்: இது வேணாம்.

ஷஹனாஸ்: ஏன், கலர் புடிக்கலியா?

நஸ்ருதீன்: இந்தப் பின்னுக்குத் தலையே இல்ல. ஓரத்துக்கு சன்னமா பீடிங் அடிக்கலாம், போட்டோ பிரேம் அடிக்கலாம். வெயில்ல பலகை வளஞ்சா புடுங்கிக்கிட்டு வந்துடும்.

ஷஹனாஸ்: ஓஹோ...

நஸ்ருதீன்: ...யூட்யூப்ல பாத்தேன்.

ஷஹனாஸ்: பாப்பீங்க, பாப்பீங்க. ஏசி ரூம்ல வேற என்னா வேல.

ஜெயராணி: அப்ப இதப் பாருங்க. ஆணி சுருளா உள்ள போடுறது, கம்ப்ரஸர்ல ஓடும். கனம் ஜாஸ்தி பாய், ரெண்டு கையாலயும்... என்னா பாய், ஒத்தக் கையாலயே தூக்கிட்டீங்க?

ஷஹனாஸ்: பைல் தூக்கித் தூக்கிப் பழக்கம்க்கா.

ஜெயராணி: வெரலையும் பாரும்மா. புதுசா வாங்குறவன் எடுத்ததும் ட்ரிகர்லதான் வெரல வப்பான். பாய் ஒதுக்கி வெளிய வச்சிருக்காரு.

நஸ்ருதீன்: அதான் சொன்னேனே, யூட்யூப்ல...

ஷஹனாஸ்: இப்பல்லாம் யூட்யூப்ல தழும்பும் சேத்துக் குடுக்குறாங்க போல. கட்ட வெரல்ல இருக்கே, அது எப்படி வந்துச்சுன்னு சொன்னீங்க?

நஸ்ருதீன்: ஆபீஸ் பீரோக் கதவு நசுக்கிடுச்சு. எத்தன தடவ சொல்றது?

ஜெயராணி: எங்க, காட்டுங்க... இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு. கதவு உள்ள பூந்து வெளிய வந்திருக்கு! நல்ல கம்பெனி பீரோ.

நஸ்ருதீன்: ஆணிய எடுங்கக்கா.

ஷஹனாஸ்: ஆணி நான் பாக்குறேன். அந்தா, பளபளன்னு இருக்கே, அதக் குடுங்க.

ஜெயராணி: ஜி.ஐ. ஆணி, இரும்புல நாகம் பூசுனது. எல்லாரும் அதான் வாங்குறாங்க. கீரப்பாளையத்துக்கு இப்பதான் ஒரு பெட்டி போச்சு.

நஸ்ருதீன்: கீரப்பாளையத்துல வயக்காத்து. நம்ம ஊர்ல உப்புக்காத்து. துருப்புடிக்காத எஸ்.எஸ். ஆணிதான் நிக்கும்.

ஷஹனாஸ்: வெல ஜாஸ்தி. இதே போதும். நீட்டமும் எதுக்கு அவ்ளோ... அந்த ஒரு இஞ்சு எடுங்கக்கா.

நஸ்ருதீன்: ஒரு இஞ்சா! பலகையே முக்கா இஞ்சு!

ஷஹனாஸ்: மிச்சம் கால் இஞ்சு உள்ள போவுதுல்ல?

நஸ்ருதீன்: கால் இஞ்சு பின்னாடி ரீப்பர் கட்டையில என்னத்தப் புடிக்கும்?

ஷஹனாஸ்: அதெல்லாம் புடிக்கும். அடிக்கிறப்ப நல்லா உள்ள எறக்கச் சொல்லணும். ஆணித் தல தெரியாம, குழி விழுற மாதிரி. அப்பத்தான் பாக்க அழகா இருக்கும். அக்கா, அந்தச் சின்ன மிஷின், ஒரு இஞ்சு ஜி.ஐ., பில்லு போடுங்க. ஆட்டோ கூப்புடுறேன்.

நஸ்ருதீன்: நிறுத்து ஷஹனாஸ்! குழி விழுந்தா தண்ணி நிக்கும், பலகை உளுத்துப் போயிடும். ஜி.ஐ. போட்டா ஒரே மழ, ஒவ்வொரு ஆணிக்குக் கீழயும் கருப்பாக் கோடு எறங்கும், என்னா தேச்சாலும் போவாது. எஸ்.எஸ்., அதுலயும் த்ரீ ஒன் சிக்ஸ் கிரேடு, ஒடம்பு பூரா வளையம் வளையமா இருக்கணும், ரெண்டு இஞ்சு. தல பலகைக்குச் சமமா நிக்கணும். அதுக்குத்தான் மிஷின் மூக்குல திருகு வச்சிருக்கான். தோஹாவுல எத்தன வில்லாவுக்கு அடிச்சிருக்கேன், ஒரு பலகை ஆடுச்சுன்னு எவனும் இதுவரைக்கும்...

ஷஹனாஸ்: ம், சொல்லுங்க. சுத்துற நாற்காலியில உக்காந்துக்கிட்டேவா அடிச்சீங்க?

ஜெயராணி: நான் குடோன்ல போயி எஸ்.எஸ். ஆணி எடுத்தாரேன். மெதுவாத்தான் வருவேன்.

நஸ்ருதீன்: ...ஆசாரிதான். மொத நாள்லேந்தே. தரகு பேசுன அமீனா பீவி என்னத்தச் சொல்லித் தொலச்சாங்களோ, நிக்காஹ் அன்னிக்கு உங்க வாப்பா கையப் புடிச்சுக்கிட்டு 'எங்க சூப்பர்வைசர் மாப்ள'ன்னு எல்லாருக்கும் காட்டுறாரு. சபையில நான் என்னா பண்ணுவேன்? வாய மூடிக்கிட்டேன். அப்புறம் தொறக்கவே முடியல.

ஷஹனாஸ்: ம்.

நஸ்ருதீன்: இன்னொண்ணும் இருக்கு. விசா முடிஞ்சுபோச்சு. திரும்பப் போவல. ஆசிக் வீட்ட அடிச்சுக் காட்டினா நாலு பேரு கூப்புடுவாங்க, இங்கயே தொழில் பண்ணிக்கலாம்னு பாத்தேன். ஆனா வாப்பா தெருவுல நான் எப்படி ஏணியில ஏறுவேன்? 'ஏமாத்துனவன் பொண்டாட்டி'ன்னு உன்னத்தான் பேசுவாங்க. அந்தப் பயத்துல பதினோரு வருஷமா ஒழுங்காத் தூங்குனதில்ல. திட்டு ஷஹனாஸ், என்னா வேணாத் திட்டு.

ஷஹனாஸ்: நீங்க மட்டுந்தான் தூங்கலன்னு நெனப்பாக்கும்... அமீனா பீவிய எதுக்குங்க இழுக்குறீங்க, பாவம். அவுங்க குடுத்த பயோடேட்டாவுல 'கார்பென்டர்'னு நேர்மையாத்தான் எழுதியிருந்துச்சு. நான் போட்டோவப் பாத்தேன், புடிச்சுப்போச்சு. வாப்பா வேலயப் பாத்தா வேணாம்னுடுவாருன்னு தெரியும். அந்தத் தாள அடுப்புல போட்டுட்டு, 'சூப்பர்வைசர்'னு புதுசா எழுதி அவரு கையில குடுத்தவ நான்தான்.