டைரியின் கீழ்ப்பாதி

என் கையெழுத்து எப்போதுமே அழகு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிதானமாகக் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

என் வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னையும் தன் தங்கையையும் அடையாளம் தெரிந்தது. ஆனால் எங்களோடு வாழ்ந்த வாழ்க்கை துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. மாத்திரையை விடாமல் கொடுக்கச் சொன்ன டாக்டர், பழைய டைரிகள் இருந்தால் தினமும் படிக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் திரும்பும் என்றார்.

பரண்மேல் ஏறினேன். அவருடைய டைரிகளுக்கு அடியில் என் கதைகள் கிடந்தன. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியவை. கல்யாணமான புதிதில் ஒன்றை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். பாதியிலேயே கீழே வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு பொண்ணு அழறாளே, அது யாரு?" என்று கேட்டார். அவள்தான் கதாநாயகி. அன்றோடு பேனாவை மூடினேன்.

பரணிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒளிப்பானேன், சுமாரான கதைகள்தான். பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர். ஆனால் நடை நன்றாக இருந்தது. எனக்குக் கற்பனை குறைவில்லை, உருப்படியான கதாநாயகன்தான் அமையவில்லை என்று புரிந்தது. அடுத்து அவர் டைரியைத் திறந்தேன். 'மழை. பஸ் தாமதம். மதியம் வயிறு சரியில்லை.' எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கீழ்ப்பாதி காலி.

பிள்ளைகளின் லீவு லெட்டரை எல்லாம் அவர் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தவள் நான்.

கீழ்ப்பாதியில் சின்னதாகத்தான் தொடங்கினேன். 'இன்று பாத்திரம் கழுவினேன். மனதுக்கு இதமாக இருந்தது.' மறுநாள் அதைப் படித்துவிட்டு சமையலறைக்கு வந்து நின்றார்.

"எனக்கு இது பிடிக்குமாமே?"

"உங்களுக்கு உயிராச்சே" என்றேன்.

அன்றிலிருந்து பாத்திரம் அவர் பொறுப்பு. பிறகு, என் கதைகளைப் படித்துத் தூக்கம் வராமல் தவித்ததாக எழுதினேன். அவரே கேட்டு வாங்கிப் படித்தார். அழ வேண்டிய இடத்தில் அழுதார். எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு வாசகர் யாருக்கு வாய்த்திருக்கிறார்?

குறை சொல்ல ஒரே ஒருத்தி இருந்தாள், என் நாத்தனார். வாராவாரம் வருவாள். "அண்ணா பாத்திரம் தொட்டு நான் பார்த்ததே இல்லையே அண்ணி" என்று சிரித்தபடி சொல்வாள். ஒருநாள் டைரியையும் கையில் எடுத்துப் புரட்டினாள்.

ஆகவே, அவர்களுடைய அம்மா இறந்த நாளின் கீழ்ப்பாதியில் அவளுக்கு ஒரு வசனம் கொடுத்தேன். 'நான்தான் அம்மாவைக் கவனிக்காமல் கொன்றேன் என்று தங்கை எல்லோர் முன்னாலும் சொன்னாள்.' அதை அவர் இரண்டு முறை படித்தார். அடுத்த முறை அவள் வந்தபோது கதவைச் சாத்தினார். "நான் என்ன பண்ணேன்னாவது சொல்லுங்கண்ணா" என்று அவள் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை கதையில் ஒரு வில்லி இல்லை.

இதற்கிடையில் மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"உன் கதையை நான் பாதியிலேயே வெச்சுட்டேன்ல?"

பழைய டைரி ஒன்றில் அன்றே எழுதினேன். 'மாத்திரை என் உடம்புக்கு விஷம். எந்த டாக்டர் சொன்னாலும் இனி தொடமாட்டேன்.' நான் எதையும் பிடுங்கவில்லை. தன் கையாலேயே தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை. நாத்தனார் உங்களிடம் கொடுத்த புகாரில் உள்ளதெல்லாம் நிஜம், கீழ்ப்பாதி அத்தனையும் நான் எழுதியதுதான். மறுக்கவில்லை.

அவள் சொல்லாத ஒன்றும் உண்டு. இந்த வருஷ டைரியை அவரே எழுதுகிறார், கோணல்மாணலாக. போன வாரம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'இவளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.' அதில் 'பயமாக' என்பதை மட்டும் 'பாவமாக' என்று திருத்தினேன். எழுதிப் பழக்கமில்லாதவர், சரியான சொல் சட்டென்று கைக்கு வராது.

அவர் சொல்ல வந்தது அதுதான்.