களஞ்சியக் கதவு

மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை, ஐயா. சீனாக்காரன் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிறகு செஞ்சியில் தொடங்கிய தற்காப்பு வகுப்பு அது. குண்டு விழுந்தால் ஊரார் ஒதுங்க வேண்டிய இடம் கோட்டைக் களஞ்சியம் என்று முடிவாகி, பயிற்சிக்காக அதன் வாயிலில் பலகைக் கதவும் போட்டோம். எனக்கு எதிலும் சட்டென்று உறுதி வராது. பாடத்தை டைரியில் எழுதி, சரிதானா என்று மறுபடி பார்ப்பேன். அதனால் கதவை என் பொறுப்பில் விட்டார்கள்.

பாடம் எளிமையானது. குண்டு விழுந்த பிறகு வெளியே இருப்பவர்கள் மேல் படியும் தூசு விஷம். குளித்து உடை மாற்றாத யாரையும் உள்ளே விடக் கூடாது. விட்டால் உள்ளே இருப்பவர்களும் சாவார்கள்.

என் அக்கா மரியசெல்வியின் கணவர் பால்சாமி, கோட்டைக்குப் பின்னால் கல் உடைப்பவர். “குண்டு போடறதுக்கு அவனுக்கு நம்ம செஞ்சிதான் கெடச்சுதா மச்சான்?” என்று கடைத்தெருவில் எல்லோர் முன்னும் கேட்பார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதியோடு எழுதிவைத்ததோடு சரி.

சனிக்கிழமை பிற்பகல் பெரிய சத்தம் கேட்டது. வெள்ளைப் புழுதி எழுந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து தட்டினார்.

“மச்சான், தொறடா. வேட்டு தப்பா வெடிச்சிடுச்சு. தொடையில கல்லு பூந்து ரத்தம் நிக்கல.”

“மேல தூசு இருக்குதா மாமா?”

“கல்லு ஒடைக்கிறவன் மேல சந்தனமாடா இருக்கும்?”

“கொளத்துல முழுகிட்டு வாங்க மாமா.”

“நடக்க முடியலடா. அங்க மருந்துப் பொட்டியில கட்டுத்துணி இருக்குமில்ல, அதையாவது வெளிய போடு.”

வேட்டு என்று அவர் சொன்னதை நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உள்ளே வருவதற்காக வெளியே நிற்பவர்கள் எதையும் சொல்வார்கள் என்பதும் பாடத்தில் இருந்தது. ரத்தத்தை நிறுத்தும் பாடம் அடுத்த வாரம்தான்.

பிறகு அக்கா பெயரைச் சொன்னார். அப்புறம் தட்டவில்லை. குளத்துக்குப் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கதவைத் தள்ளச் சிரமமாக இருந்தது. அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

அன்று உள்ளே எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். வகுப்பு இல்லாத நாள். பானைகளில் தண்ணீர் மாற்ற நான் மட்டும்தான் வந்திருந்தேன். ஆனால் உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.