சரிவில் நின்ற மிலிட்டரி வண்டி

பேய்க்கு ராத்திரிதான் லாயக்கு என்று நினைக்கிறவர்கள் இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். இது நடந்தது பட்டப்பகலில்... உச்சி வேளையில். மேல்சித்தாமூர் போகிற ரோடு. முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை. பாறை எல்லாம் வெயிலில் கொதித்துக் கிடந்தது.

நடந்தது யாருக்கு என்றால், என் சேக்காளி கரீமின் தாய்மாமன், மெக்கானிக் கௌஸ் பாஷாவுக்கு. வருஷம் அறுபத்து நாலு, அறுபத்தைந்து இருக்கும். செஞ்சி மணிலா மண்டிக்காரர் ஒருவர், யுத்த காலத்து மிலிட்டரி பிக்கப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அது இரண்டாவது கியர் பல் உடைந்து, மேடேறும்போது அந்த ரோட்டுச் சரிவில் நின்றுவிட்டது. பார்க்கச் சொல்லிப் பாயைக் கூட்டி வந்தார்கள்.

அதே சரிவில்தான் முந்தின வருஷம் வண்டியின் பழைய டிரைவர் இளையபெருமாள், அதே வண்டிக்கு அடியில் நசுங்கிச் செத்தான். குடித்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்திருப்பான் என்று ஊர் பேசியது. நரம்பில்லாத நாக்குதானே. பாயும் அப்படித்தான் பேசினார்.

அந்த வண்டிக்கு மூன்று ஜாதி கியர் பாக்ஸ் வரும். வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். எது என்று தெரியாமல் மெட்ராசில் போய்ப் பல்சக்கரம் வாங்கினால் அலைச்சல்தான் மிச்சம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, பாக்ஸின் வாலில் சாக்பீஸ் கோடு போட்டு, முதல் கியரில் வைத்து, ஒருவன் முன்னால் நின்று எஞ்சினைக் கையால் சுழற்றும் ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். அடியில் படுத்தவன் எண்ண வேண்டும். ஆறு சுற்றுக்குக் கோடு திரும்பி வந்தால் ஒரு ஜாதி, ஏழுக்கு வந்தால் வேறு ஜாதி.

ஆனால் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் அந்த வண்டியைக் கியரும் பிடிக்காது, ஷாஃப்டில் வேலை செய்கிற ஹாண்ட் பிரேக்கும் பிடிக்காது. சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கல்தான் உயிர்.

பாய் தன் கையாலேயே இரண்டு பெரிய கல்லை உருட்டி வந்து பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். காலால் உதைத்தும் பார்த்தார். "செல்லப்பா, கல்லு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். எனக்குப் பொண்ணு இருக்குது, கட்டிக் குடுக்கணும்."

"நான் இருக்கறேன், நீ படு பாய்" என்றான் டிரைவர் செல்லப்பன்.

பாய் அடியில் நுழைந்து, ஷாஃப்டைக் கழற்றிக் கோடு போட்டார். "சுத்து."

கடக்... கடக்... கோடு மெதுவாக நகர்ந்தது. ஏழாவது சுற்றில் பழைய இடத்துக்கு வந்தது. "இன்னொரு வாட்டி சுத்து." மறுபடியும் ஏழு.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டையா? ஏதாச்சும் பேசேன்."

கடக்... கடக்... வாசனைப் புகையிலை நெடி குப்பென்று வந்தது. செல்லப்பனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இளையபெருமாளுக்கு உண்டு.

பாய் தலையைத் திருப்பி முன்பக்கம் பார்த்தார். ஹாண்டில் சுற்றிக்கொண்டிருந்தது... அங்கே கால் இல்லை.

தூரத்தில், ரோட்டோரக் கிணற்றுப் பக்கமிருந்து செல்லப்பன் குரல் கேட்டது. "பாய், தண்ணி குடிச்சிட்டேன். வந்து சுத்தட்டா?"

பாய் வாய்க்குள் கலிமா ஓதினார். அப்போது தலைக்கு மேலே கியர் லிவர் தானாக விழுந்தது. கடங்... கோடு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. ரிவர்ஸ் கியர். யாரும் போடச் சொல்லவில்லை. வேகமாக... இன்னும் வேகமாக... வெளியே போ, வெளியே போ என்று ஒரு ஆள் பதறுவதாகத்தான் பாய்க்குப் பட்டது. முதுகுத் தோல் உரிய ஊர்ந்து வெளியே வந்தார்.

செல்லப்பன் செம்போடு வந்து நின்றான். பின்சக்கரத்தையே பார்த்தான். "இன்னா பாய்... கல்லு எங்க?"

கல் இல்லை. இரண்டும் இல்லை. அத்தனை பெரிய வண்டி சரிவில் சும்மா நின்றது. பாய் எழுந்து நாலு எட்டு விலகி நின்ற பிறகுதான் அது மெதுவாக அசைந்தது. பின்னால் உருண்டு, பள்ளத்தில் போய் விழுந்தது.

செத்தவன் மேல் நானும் பழி போட்டேனே என்று பாய் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாராம்.

வெகு நாள் கழித்துக் கரீம் கேட்டிருக்கிறான். "மாமா, அது இளையபெருமாள்தானா?"

"வண்டியப் புடிச்சிக்கினு நின்னது அவன்தான்டா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அப்புறம் பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்...

"கல்ல எடுத்தது அவன் இல்ல. அந்தச் சரிவுல வேற ஏதோ ஒண்ணு இருக்குது. அவன் செத்த அன்னிக்கு வெச்ச கல்லையும் அதுதான் எடுத்திருக்குது."