நீ செத்துப்போன அத்தியாயம்

அந்தப் பக்கம் வேணாம்டா ஹைரம், இப்படி வா. சரக்கு ஷெட்டுக்குப் பின்னால பெஞ்சு ஒண்ணு கெடக்கு, நெழலும் இருக்கு. பையக் குடு. குடுடான்னா. காலை இழுத்து இழுத்து நடக்குற, இதுல பை வேற. சண்டையில அடிபட்ட அந்தக் கால்தானே? தெரியுது. நீ வண்டியிலேருந்து எறங்கும்போதே அந்தக் காலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன், மூஞ்சிய வச்சு இல்ல. மூஞ்சி ஏதோ பாதிரியார் மூஞ்சி மாதிரி ஆயிருச்சு உனக்கு.

அம்மா கல்லறைக்கா? போலாம், போலாம். நேத்து நல்ல மழை, மேட்டுக்குப் போற ரோடு பூரா சேறு. வாடகைக்குக் குதிரை வண்டியும் கெடைக்கல, எல்லாத்தையும் நாளைக் கூட்டத்துக்குப் பேசி வச்சுட்டாங்க. மொதல்ல இந்தக் காப்பியக் குடி. தொப்பிய மட்டும் கொஞ்சம் எறக்கி விட்டுக்கோ. ஏனா? சொல்றேன், இரு.

தெருவுல கொடி கட்டியிருக்குறத ஜன்னல் வழியாப் பாத்திருப்பே. நாளைக்கு, தெக்கத்திக்காரனோட சண்டை போட்ட நம்ம பட்டாளத்துக்காரங்க ஒண்ணு கூடுற நாள். வருஷா வருஷம் நடக்குறதுதான். ஆனா இந்த வருஷம் ஊர் நடுவுல கல்லு ஒண்ணு தொறக்குறாங்க, செத்தவங்க பேரெல்லாம் வெட்டி. உன் பேரும் இருக்கு. எழுத்துப் பிழை இல்லாம இருக்கு, நானே நின்னு பாத்தேன்.

சிரிக்காதேடா. சிரிக்கிற விஷயம் இல்ல இது.

உன் கடுதாசிய மூணு தடவை படிச்சேன். நெப்ராஸ்காவுல முடி வெட்டிக்கப் போயி உக்காந்திருக்கே, கடைக்காரன் நம்ம பட்டாளத்து ஆளு, காத்திருக்குற நேரத்துல படிங்கன்னு நம்ம புஸ்தகத்தக் கையில குடுத்திருக்கான். தொறந்தா உன் சாவு. நல்லா எழுதியிருக்கேடா எமோஸ், படிச்சு அழுதுட்டேன்னு எழுதியிருந்தே. சொந்தச் சாவப் படிச்சு அழுதவன் இந்த ஒஹாயோவுல பொறந்தவங்கள்லயே நீ ஒருத்தன்தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நீ திட்டாததுதான் எனக்குத் தாங்கல.

அந்தப் புஸ்தகம் எழுதணும்னு நான் கேக்கவே இல்ல, தெரிஞ்சுக்கோ. கேப்டன்தான் ஆரம்பிச்சாரு. அவரு இப்ப ஜட்ஜு, தெரியுமா? ஒவ்வொரு ஜில்லாக்காரனும் பட்டாளச் சரித்திரம் போட்டுட்டான், நாம மட்டும் போடலைன்னு அவருக்கு ஒரே பொருமல். மொத நாலு அத்தியாயம் அவரே எழுதினாரு. நடந்தோம், கூடாரம் போட்டோம், கூடாரத்தப் பிரிச்சோம், நடந்தோம். அவரு பொண்டாட்டியே தூங்கிட்டாளாம். அப்புறம்தான் எல்லாரும் டைரியக் கொண்டாங்கன்னாரு.

கொண்டாந்தாங்க. சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரிவோமே, அந்தச் சின்ன டைரிங்கதான். என்னத்த எழுதியிருக்கோம்? மழை. பிஸ்கட். மழை. கடுதாசி வரல. ஒத்தக்கை சைலஸ் டைரியில பூரா அவன் தின்னது மட்டும்தான் இருக்கு. அவனுக்குக் கை போன அன்னைக்கு என்ன எழுதியிருக்கான்னு நெனைக்கிறே? பன்னிக்கறி கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். அதுவும் இடது கையால.

என் டைரிய கேப்டன் பொரட்டினாரு, அந்தப் பக்கத்துல நின்னுட்டாரு. ஹைரம் விடியுறதுக்கு முன்னாடி என் மடியில தலை வச்சு எறந்தான். குளிரலைன்னு அம்மாகிட்ட சொல்லச் சொன்னான். அவ்வளவுதான்டா எழுதியிருந்தேன், பென்சில்ல. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு மனுஷன். எமோஸ், இந்த அத்தியாயத்த நீதான் எழுதணும்னாரு. குதிரைக்குச் சேணம் தைக்கிறவன் நான், எனக்கு என்ன எழுத்து வரும்? ஆனா வந்துச்சு பாரு. அந்த ரெண்டு வரிய வச்சுக்கிட்டு எழுத எழுத வந்துக்கிட்டே இருந்துச்சு. நெலா எப்படி இருந்துச்சு, நீ என் கையப் புடிச்சது எப்படி, எல்லாம். அன்னைக்கு நெலாவே இல்ல, மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. உனக்கும்தான் தெரியுமே.

டைரின்னா அப்படிடா. கேப்டன் வாயால சொன்னத சைலஸ் நம்பமாட்டான், சைலஸ் சொன்னத யாருமே நம்பமாட்டாங்க. ஆனா அன்னைக்கே பென்சில்ல எழுதி வச்சதுன்னா முடிஞ்சுது, அது வேதம்.

குனி. குனிடா! தொப்பிய எறக்கு.

ஏய் சைலஸ், வா வா! இப்பத்தான் எறங்குனியா? நல்லாயிருக்கேன்ப்பா. இவரா? இவரு மாட்டு வேவாரி, நெப்ராஸ்காவுலேருந்து. நாலு மணி வண்டிக்குத் திரும்பிப் போறாரு. ஆமாமா, நாளைக்கு நான் இல்லாமயா. போ, போயி எடம் புடி, ராத்திரிக்கு வர்றேன்.

போயிட்டான்.

அப்படிப் பாக்காதே ஹைரம். மாட்டு வேவாரின்னது தப்புத்தான். வேற என்ன வாயில வரும் எனக்கு? நம்ம சைலஸ்தான்டா அது, உன்கூட ஒரே போர்வையில படுத்தவன், அவன்கிட்ட உன்னைக் காட்டாம அனுப்பிட்டேன். எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.

விஷயம் என்னன்னா, நாளைக்கு ஆஜர் கூப்பிடுவாங்க. பழைய லிஸ்டை வச்சுக்கிட்டு கேப்டன் ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாரு. இருக்குறவன் ஆஜர்னு கத்துவான். செத்தவன் பேரையும் விடமாட்டாரு, அதையும் கூப்பிடுவாரு. அவன் சாகும்போது பக்கத்துல இருந்தவன் யாரோ அவன்தான் எந்திரிச்சுப் பதில் சொல்லணும். உன் பேருக்கு எந்திரிக்கிறது நான். களத்துல மாண்டான், நான் பக்கத்துல இருந்தேன். இத்தனை வருஷமா சொல்றேன். பொம்பளைங்க அழுவாங்க, பேண்டு வாத்தியம் ஒரு பாட்டு வாசிக்கும். அது ஒரு மாதிரி ஆயிருச்சுடா எனக்கு. இந்த ஊருல எமோஸ்னா சேணம் தைக்கிற எமோஸ் இல்ல, ஹைரமை மடியில வச்சிருந்த எமோஸ். சின்னப் பசங்க தொப்பி எடுக்குறாங்க. சர்ச்சுல முன் வரிசை.

நாளைக்கு நீ அங்க உக்காந்திருந்தா நான் என்னடா பண்ணுவேன்? எந்திரிச்சு என்ன சொல்லுவேன்?

அதனாலதான் கூட்டம் நடத்துற கமிட்டியில... ஆமா, கமிட்டிதான் என்னை அனுப்புச்சு. இல்ல, அவங்களுக்கு உன்மேல கோவம்னு இல்ல. ஆனா நீ கடுதாசியில எழுதியிருந்தியே, தெக்கத்திக்காரன் புடிச்சு அடைச்ச செறையில சோறில்லாமக் கெடந்து, கடைசியில அவன் பட்டாளத்துக் கோட்டையே போட்டுக்கிட்டு வெளிய வந்தது, அது இருக்கு பாரு. கேப்டனுக்கு அது தெரிஞ்சா என்ன ஆவும்? புஸ்தகத்துல கடைசியில லிஸ்டு இருக்கு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வரி. சண்டையில மாண்டவன், காய்ச்சல்ல மாண்டவன், ஓடிப்போனவன். எதிரிகூடச் சேந்தவன்னு ஒரு வரி இதுவரைக்கும் இல்ல. அதை உனக்காகப் புதுசா எழுதணுமா சொல்லு. செத்தவனா இருந்தா உனக்கும் நல்ல பேரு, எல்லாருக்கும்...

சீ. நான் பேசுறதப் பாரு.

இல்லடா, கமிட்டி அனுப்பல. கமிட்டிக்கு ஒண்ணும் தெரியாது. நீ உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சா கேப்டன் உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊர்வலம் போவாரு. கோட்டு எந்தக் கலர்னு எவன் கேக்கப்போறான் இப்ப? பசியில எவனும் செய்யிறதுதான். அதை நெனச்சுக்கிட்டு இத்தனை வருஷம் வீட்டுப் பக்கமே வராமக் கெடந்தியே, பைத்தியக்காரா. நான் அதை எடுத்து உன்னைப் பயமுறுத்திக்கிட்டு இருக்கேன்.

அன்னைக்கு ராத்திரியா? கேட்டுட்டே. கேப்பேன்னு தெரியும்.

ஓடிட்டேன்னு நெனச்சியா? ஓடல ஹைரம். ஓடியிருந்தாக்கூட ஒருத்தன்கிட்ட சொல்லியிருப்பேன். ஓடுனவன் நம்ம கம்பெனியிலயே பாதிப்பேரு. நீ தண்ணி கேட்டே. உன்னை அந்த மரத்துல சாய்ச்சு வச்சுட்டு, தண்ணி டப்பாவ எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போனேன், தெளிஞ்ச தண்ணிக்காக இக்கரைக்குத் தாண்டினேன். ரெண்டு நாளு கண்ணே மூடாம நடந்திருந்தோம்ல. டப்பா நெறையுற வரைக்கும் உக்காரலாம்னு உக்காந்தேன். தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா வெளிச்சம் வந்துருச்சு, டப்பா தண்ணியில முழுகிக் கெடக்கு, அக்கரை பூரா சாம்பல் கோட்டு, தெக்கத்திக்காரனுங்க. நீ அந்தப் பக்கம். அவ்வளவுதான்டா கதை. குண்டு இல்ல, வீரம் இல்ல, பயம்கூட இல்ல. தூக்கம்.

அன்னைக்குக் காலையில சைலஸ் கேட்டான், ஹைரம் எங்கன்னு. தூங்கிட்டேன்னு எப்படிடா சொல்லுவேன்? செத்துட்டான்னேன். நீ செத்திருப்பேன்னுதான் நெனச்சேன், அது சத்தியம். அப்புறம் உக்காந்து டைரியில எழுதினேன். எழுதினதும் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு.

குளிரலைன்னு சொன்னதா எழுதினது ஏன்னா, நாம பொறப்படுறப்ப உங்கம்மா உனக்குப் பின்னிக் குடுத்த கம்பளிக் காலுறை. நாலு ஜோடி. ராத்திரி அதைக் காயவைக்காமப் போட்டுக்காதேன்னு அவங்க ரயிலுக்கு வெளிய நின்னு கத்தினது எனக்கு ஞாபகம் வந்துச்சு. சண்டை முடிஞ்சு வந்ததும் நேரா அவங்ககிட்டதான் போனேன். வேற எதுவும் கேக்கல. அவனுக்குக் குளிருச்சா எமோஸ்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். உக்காருன்னு சொல்லி சாப்பாடு போட்டாங்க. அதுலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்கு அங்கதான் சாப்பாடு.

எப்படிப் போனாங்களா? நெஞ்சு அடைச்சுத்தான். ம்? காய்ச்சல்னு எழுதியிருந்தேனா? காய்ச்சல்தான், காய்ச்சல் வந்து அதுல நெஞ்சு அடைச்சுருச்சு. பனி நேரம் பாரு. கஷ்டப்படல. இன்னும் கொஞ்சம் காப்பி இருக்கு, ஊத்தட்டுமா?

அதோ பாரு, கைகாட்டி எறங்கிருச்சு. மேக்க போற வண்டி வந்துரும். இந்தா. டிக்கெட்டு. ஒமாஹா வரைக்கும். நேத்தே எடுத்து வச்சுட்டேன். காசெல்லாம் பேசாதே. கல்லறைய நான் பாத்துக்குறேன், புல்லு வெட்டிவிட ஆளு இருக்கு. நீ இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏறி என்ன பண்ணப்போறே? மழை விட்டதும் ஒரு நாளு வா. கூட்டமெல்லாம் முடியட்டும்.

வாங்கிட்டியா. சரி. நல்லது. பைய எடுத்துக்கோ.

என்னது?

என்ன சொன்னே? நன்றியா? எனக்கா?

அம்மாவக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டதுக்கு.

குடு. அந்த டிக்கெட்டக் குடு இங்க. குடுடா ஹைரம், இல்லாட்டி கிழிச்சாவது போடு, வண்டியில மட்டும் ஏறாதே. ஏறாதேடா, கால்ல விழுறேன். உன் கடுதாசியில நீ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா இருந்தா வர்றேன், இல்லைன்னா அங்க எனக்கு யாரு இருக்கான்னு எழுதியிருந்தே. அதப் படிச்சுட்டுத்தான் அவங்க போயிட்டாங்கன்னு பொய் எழுதிப் போட்டேன், நீ வரமாட்டேன்னு நெனச்சு. கல்லறையப் பாக்க வர்றேன்னு பொறப்படுவேன்னு எனக்குத் தோணவே இல்ல. கல்லறை இல்லடா. மேட்டுல உங்கப்பா கல்லறை மட்டும்தான் இருக்கு. இந்நேரம் அவங்க பின்வாசப் படியில உக்காந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு இருப்பாங்க. கண்ணு கொஞ்சம் மங்கல், காது நல்லாவே கேக்கும். கதவத் தட்டாதே, பயந்துருவாங்க. வேலிக்கு வெளிய நின்னு கூப்பிடு, குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க.

நான் வரல. நீ போ. சேறெல்லாம் இல்ல, ரோடு நல்லாத்தான் இருக்கு. என்னைக் கேட்டாங்கன்னா, ஞாயித்துக்கெழமைச் சாப்பாட்டுக்கு இனிமே எனக்குத் தட்டு வைக்க வேணாம்னு சொல்லிரு.