கரையில் அள்ளிய கருப்பு

வீரமுத்து: மெதுவா தேய்டீ... தோலு உரிஞ்சு கையோட வந்துரும்போல இருக்கு.

பஞ்சாலை: உரிஞ்சாத்தான் இந்தக் கருப்பு போவும். சாம்பலும் போட்டாச்சு, தேங்கா நாரும் போட்டாச்சு. சோத்துல வாய வச்சாக்கூட எண்ணெ வாடதான் அடிக்குது.

வீரமுத்து: நானா ஆசப்பட்டுப் போயி உருண்டேன்? எண்ணெக் கப்பலக் கொண்டாந்து பாறையில ஏத்துனவனப் போயிக் கேளு.

பஞ்சாலை: அவன் எங்க இருக்கான்?

வீரமுத்து: போட்டிக்சன் டவுன்ல. பங்களாவுல கால நீட்டிக்கிட்டு சுருட்டு குடிக்கிறானாம்.

பஞ்சாலை: அள்ளுனவன்?

வீரமுத்து: இந்தா... ஒன் முன்னாடி கோவணத்தோட குந்தியிருக்கேன்.

பஞ்சாலை: சிரிக்காதீங்க. வயிறு எரியுது எனக்கு. அதுவும் எந்தக் கரைய அள்ளுனீங்க? மீன் விக்கிற மலாய்க்காரரு பா மாட்டு இருக்குற கம்பத்து ஊருக் கரையையா?

வீரமுத்து: அந்தப் பக்கம் திரும்பவே விடலியே. தொரைமாருங்க குளிக்கிற எடத்த மட்டும் தொடச்சு வைக்கச் சொல்லிட்டாங்க. பா மாட்டு அங்க ஒக்காந்து எண்ணெ ஊறுன வலையக் கொளுத்திக்கிட்டு இருக்கான். என்னப் பாத்தான்... ஒன்னும் பேசல. பேசியிருந்தாக்கூடத் தேவல.

பஞ்சாலை: பேச என்னா இருக்கு? இனிமே தோட்டத்துக் கேட்டுக்கு மீனு வராது. ரேசன் கருவாட்ட நக்கிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்... திரும்புங்க, முதுகக் காட்டுங்க.

வீரமுத்து: எங்கூட எண்ணெ அள்ளுன சன்னாசி கண்ணத் தொறந்தானா?

பஞ்சாலை: எங்க தொறக்க... ரெண்டும் பனங்கா கணக்கா வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரி டிரெசரு என்னா சொன்னான் தெரியும்ல? உப்புத் தண்ணியில கழுவிக்கன்னான். கண்ணு போனதே அந்தக் கடல் தண்ணியாலதானடா, பாவி!

வீரமுத்து: கத்தாதடி. வேலிக்கு அந்தப் பக்கம் ஜீப்பு நிக்கிது... பாரு, சன்னாசியோட அண்ணனே வர்றாரு. நம்மள வேல வாங்குற நல்லசாமி மண்டோரு.

நல்லசாமி: வீரமுத்து... குளிச்சது போதும். சட்டைய மாட்டு. ஆபீசுக்கு வா.

வீரமுத்து: என்னாண்ணே? நாளைக்கும் அள்ளணுமா?

நல்லசாமி: அது இல்ல. போலீசு வந்திருக்கு. ஒரே ஒரு சொல்லு சொல்லணும். அவ்வளவுதான்.

பஞ்சாலை: என்னா சொல்லு?

நல்லசாமி: நான் அவன்கிட்ட பேசுறேன், பஞ்சால.

பஞ்சாலை: அவரு முதுகு இன்னும் என் கையிலதான் இருக்கு. எனக்கும் கேக்கட்டும்.

நல்லசாமி: ...ஸ்டோருல ரப்பர் பால் கெட்டுப் போச்சு. பால ஒறைய வச்ச ஷீட்டு எல்லாம் கருப்பா, பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. பால் தொட்டியில யாரோ எண்ணெய ஊத்திட்டாங்க, காட்டுல ஒளிஞ்சிருக்குற கம்யூனிஸ்ட்டு ஆளுங்களுக்குக் கையாளு உள்ளுக்கு இருக்கான்னு தொரை குதிக்கிறான்.

வீரமுத்து: அதுக்கு நான் என்னா சொல்லணும்?

நல்லசாமி: அர்ச்சுனன் ஊத்துனத பாத்தேன்னு.

வீரமுத்து: யாரு... எங்ககூட எண்ணெ அள்ளுன அர்ச்சுனனா? அண்ணே!

நல்லசாமி: சத்தம் போடாத. ஏற்கெனவே ஜீப்புல ஏத்திட்டாங்க. பாத்த ஆளு ஒருத்தன் வேணும், அதான்லா.

வீரமுத்து: அவன் கரையில ஒரே ஒரு வார்த்ததான கேட்டான்? ரப்பர் மரத்துல பால் வெட்ட வந்தவன எதுக்குய்யா எண்ணெ அள்ள விடுறேன்னு...

நல்லசாமி: கேட்டான்ல? அது போதும் அவங்களுக்கு. அவன் ஒண்டிக்கட்ட. பொண்டாட்டியா, புள்ளையா?

பஞ்சாலை: பொண்டாட்டி இல்லேன்னா ஆளு இல்லியா? கம்யூனிஸ்ட்டுன்னு சொல்லி கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவான். அவன் இங்கயே தம்பின் டவுன்ல பொறந்தவண்ணே! அங்க போயி எவன் வாசல்ல நிப்பான்?

நல்லசாமி: அப்ப யாரு பேரச் சொல்லச் சொல்ற? பேரு ஒன்னும் வரலேன்னா நாம இருக்குற லயத்து வீடுங்களையே காலி பண்ணிருவேங்கிறான். அரிசிய நிறுத்திருவேங்கிறான். சின்னஞ்சிறுசுங்கள வச்சுக்கிட்டு எங்க போறது?

பஞ்சாலை: தொட்டியில யாரும் ஊத்தல.

நல்லசாமி: ஒனக்கு எப்படித் தெரியும்?

பஞ்சாலை: எண்ணெ வாளியில வந்துச்சு. எண்ணெ அள்ளுறதுக்குப் பால் தூக்குற காண்டா வாளியத் தூக்கிட்டு வரச் சொன்னது யாரு? கணக்கெழுதுற கிராணிதான? மறுநாளு அதே வாளியிலதான் பால் எடுத்தோம்.

வீரமுத்து: அதான் சாயங்காலமே கொழாயடியில குடுத்தோமே... பால் வாளிய கழுவிக் கவுக்குறது பொம்பளைங்கதான? நீதான கழுவுன?

பஞ்சாலை: கைய நீட்டுங்க, அதுலயும் கருப்பு இருக்கு.

வீரமுத்து: ஏய். ஒன்னத்தான்.

பஞ்சாலை: கழுவல.

வீரமுத்து: மறந்துட்டியா?

பஞ்சாலை: மறக்கல.

வீரமுத்து: அடிப் பாவி... தெரிஞ்சேவா?

பஞ்சாலை: தெரிஞ்சேதான்! கிராணிகிட்டப் போயி, இந்தக் கருப்பு வெறும் தண்ணிக்குப் போவாது, ஆளுக்குக் கொஞ்சம் சவுக்காரம் குடுங்கன்னு கேட்டோம். ஏன், ஒங்க புருசனக் குளுப்பாட்டவான்னு பல்ல இளிச்சான். தாயம்மா அங்கதான் நின்னா. லயத்துல அவ புருசன் சன்னாசி கண்ணு போயிருமோன்னு ஊளையிடுறான், இவன் இளிக்கிறான். யாரும் யாருகிட்டயும் பேசல. அத்தன பேரும் வாளிய அப்படியே கவுத்துட்டு வந்துட்டோம்.

வீரமுத்து: அத்தன பேருமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி?

பஞ்சாலை: சொன்னா நீங்க ஒக்காந்து கழுவியிருப்பீங்க.

நல்லசாமி: எங்க வீட்டுல... முத்தாயியுமா?

பஞ்சாலை: மொதல்ல கவுத்ததே அண்ணிதான்.

நல்லசாமி: வாய மூடு. இத வெளிய சொன்னே... அத்தன பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிருவான்.

பஞ்சாலை: போவட்டும். அத்தன பேரையும் ஏத்த ஜீப்பு பத்துமான்னு பாக்குறேன். நான் போயி சொல்லத்தான் போறேன். கழுவாம விட்டோம், சவுக்காரம் குடுக்கலன்னு. அதுல காடும் இல்ல, மேடும் இல்ல.

நல்லசாமி: அவ்வளவோட விடுவானா? மேலயும் நோண்டுவான்.

பஞ்சாலை: நோண்டி?

நல்லசாமி: ...ஒன்னும் இல்ல. வீரமுத்து, வாப்பா. நேரமாச்சு.

பஞ்சாலை: இருங்கண்ணே. காலையில பால் ஊத்துறப்ப தொட்டி வாயில நிக்கிறது யாரு?

நல்லசாமி: எதுக்குக் கேக்குற?

பஞ்சாலை: ஒரு எல கெடந்தாக்கூட, ஏய் கழுத, இது பாலா கஞ்சியான்னு வாளியத் திருப்பி அனுப்புறது யாரு?

வீரமுத்து: அட ஆமா... வாளிய எட்டிப் பாக்காம உள்ளயே விட மாட்டாரே...

பஞ்சாலை: அன்னிக்கு ஒரு வாளி திரும்பி வந்துச்சா? ஒருத்திக்காவது திட்டு விழுந்துச்சா? நாங்க பயந்து பயந்துதான் வரிசையில நின்னோம். நீங்க வாயே தொறக்கல. சொல்லுங்கண்ணே... நீங்க பாக்கலியா?

நல்லசாமி: அதுக்கு முந்தின ராத்திரி பூரா என் தம்பி என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தான்... பாத்தேன், பஞ்சால. அத்தன வாளியையும் பாத்தேன். பால்ல கருப்பு மினுங்கிச்சு. ஆத்திரத்துல தெரிஞ்சே ஊத்த விட்டவன் நான். மாட்டிக்குவேன்னு அர்ச்சுனனக் கைகாட்டுனவனும் நான்தான்... நீ வர வேணாம் வீரமுத்து. போயி, ஜீப்ப எடுக்க வேணாம், மண்டோரு வர்றான்னு மட்டும் கேட்டுல சொல்லு. ஓடு!