மரியாதைக் கதிரை

— அம்மா, எட்டிப் பாக்காதேங்கோ. ரெண்டு வரிசை கீழ, மண்ணிற ஜக்கெற் போட்டுக்கொண்டு தனிய இருக்கிறார் பாருங்கோ.

— பாக்காதேங்கோ எண்டுறாய், பாருங்கோ எண்டுறாய். நான் எதைச் செய்யிறது? ஆரடி அவர்?

— அம்பலவாணன் அங்கிள். அண்ணாவுக்குப் பேசுற பொம்பிளையின்ர அப்பா. புரோக்கர் அனுப்பின படத்தில ஜதுர்ஷிகாவுக்குப் பக்கத்தில நிண்டவர்.

— ஐயோ முருகா! ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறம் எண்ட மனுசன் இண்டைக்கே ஸ்ட்ரெதம் ஐஸ் ஹொக்கி அரங்கில வந்து குந்தியிருக்கிறார். வெளியால விசாரிக்க வந்திருக்கிறார், றூபினி.

— ஸ்பை பண்ணவோ?

— ஸ்பை இல்லையடி, எங்கட வழக்கம். பொம்பிளை குடுக்கிறவை பெடியன் வேலை செய்யிற இடத்தை ஒருக்கா ஒளிச்சுப் பாப்பினம். கந்தோரெண்டா வாசல்ல நிக்கிற ஆளைக் கேட்டிட்டுப் போயிடலாம். உன்ர கொண்ணருக்கு இந்த ஐஸெல்லோ கந்தோர்!

— அண்ணா இண்டைக்கு ஆரையும் இடிக்காமல் விளையாடினால் சரி.

— அவன் எண்டைக்கு இடிக்காமல் விளையாடினவன்? மூண்டு சம்பந்தம் இதாலதான் குழம்பினது. லூயிஷாம் ஆக்கள் வந்து, இடிச்சதுக்குத் தண்டனையா அவனைக் கூண்டுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினதைக் கண்டிட்டு, 'ரௌடிக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது' எண்டு அரைவாசியில எழும்பிப் போட்டினம். இந்தப் பிள்ளையைத்தான் அவனுக்குப் படத்தில கண்ட உடன பிடிச்சது. இதுவும் போகக்கூடாது. அந்த ரோல்ஸ் பெட்டியை எடு.

— எங்க போறீங்கள்?

— அவருக்குப் பக்கத்தில. நாங்கள் குடுத்தது பெடியன்ர படம் மட்டும்தானே, என்ர முகம் அவருக்குத் தெரியாது. நல்லதாச் சொல்ல ஒரு ஆள் வேணுமெல்லோ.

— அம்மா, ப்ளீஸ்... அம்மா!

— அண்ணை, இந்த இடத்தில ஆரும் இருக்கினமோ?

— இல்லைத் தங்கச்சி, இருங்கோ. எங்கட ஆக்களைக் கண்டது நல்லதாப் போச்சு. எனக்கு இந்த விளையாட்டு ஒண்டும் விளங்கேல்லைப் பாருங்கோ.

— அதுக்கென்ன, நான் சொல்லித்தாறன். முதல் ஒரு ரோல்ஸ் எடுங்கோ, மீன் ரோல்ஸ். அந்தக் கறுப்பு றப்பர் வட்டைத் தடியால தட்டி வலைக்குள்ள விடவேணும். அவ்வளவுதான்.

— அந்தப் பதினேழாம் நம்பர் எங்கட பெடியன் போல கிடக்கு?

— ஓம், யனுஷன் எண்டு பேர். தங்கமான பெடியன் எண்டு சனம் கதைக்குது. இது பொழுதுபோக்கில்லை அண்ணை, சம்பளத்துக்கு விளையாடுறவன். ஆறு வயசில ஆற்றையோ பேர்த்டே பார்ட்டிக்கு இந்த ஐஸில இறங்கினவன், கேக் வெட்டக் கூப்பிட்டும் வெளியால வரேல்லையாம்.

— அதையும் சனம் கதைச்சதோ?

— சனம் எதைத்தான் கதைக்காது!

— முன் பல்லு ரெண்டு இல்லைப் போல?

— அது... விளையாடேக்க கழட்டி வைக்கிறவன். கலியாண வீடு வாசலெண்டால் போட்டுக்கொண்டு வருவான்.

— முப்பத்தைஞ்சுக்குப் பிறகு இந்த ஓட்டம் ஓடேலாது, தங்கச்சி. பிறகென்ன செய்வான் எண்டு கேக்கிறன்?

— சின்னப் பிள்ளையளுக்குப் பழக்குவான். கோச் பரீட்சையும் பாஸ் பண்ணி வைச்சிருக்கிறான். எல்லாம் யோசிச்சுச் செய்யிற பெடியன், கண்டியளோ.

— ஐயையோ, அங்க பாருங்கோ! ஒருத்தனைக் கண்ணாடிச் சுவரோட சேத்து இடிச்சு விழுத்திப்போட்டான். கோடு போட்ட சட்டைக்காரர் அந்தப் பதினேழாம் நம்பரைக் கூட்டிக்கொண்டு போறார். எங்க கொண்டு போகினம்?

— அது... அது வந்து அண்ணை... அந்தக் கதிரைக்கு.

— என்ன கதிரை?

— மரியாதைக் கதிரை. நல்லா விளையாடுறவையைக் கொஞ்ச நேரம் தனிய இருத்தி இளைப்பாற விடுவினம். எல்லாருக்கும் கிடைக்காது.

— கதவையும் சாத்துறாங்களே?

— சாத்தாட்டிச் சனம் போய் ஒட்டோகிராப் கேட்டுக் கரைச்சல் குடுக்குமெல்லோ.

— அவனுக்குப் பதிலா வேற ஆளை விடேல்லையே. இப்ப ஒரு ஆள் குறைவாயெல்லோ விளையாடுகினம்?

— அவன் நிண்ட இடத்தில இன்னொருத்தனை விட்டால் அது அவனுக்கு மரியாதையோ, அண்ணை?

— அது சரி. நல்ல பண்பான விளையாட்டுத்தான்.

— அம்... ஆன்ரி, தேத்தண்ணி கொண்டந்தனான். அங்கிளுக்கும் ஒண்டு இருக்கு.

— நன்றி பிள்ளை. இது ஆர், தங்கச்சி?

— தெரியாது அண்ணை. மேல் வரிசைப் பிள்ளை. நல்ல குணமான பிள்ளை.

— ஓ. ஆனா ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. அந்தப் பெடியனுக்குக் கோபம் கூடவோ? நாளைக்கு ஒரு பிள்ளையைக் கட்டினால் வீட்டிலயும் இப்பிடிப் போட்டு இடிப்பானோ?

— என்ன கதை கதைக்கிறியள்!

— இல்லை, ஒரு காரணமும் இல்லாமல் இடிச்சவன், அதுதான்...

— காரணம் இல்லாமலோ? நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டோ பாத்தனீங்கள்? அந்த மலைமாடு எங்கட வலை காக்கிற பெடியனைப் பின்னால நிண்டு தடியால அடிச்சது காணேல்லையோ? அதைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறதோ? என்ர பிள்ளையை நான் அப்பிடி வளக்கேல்லை! வீட்டில ஒரு இலையானைக்கூட அடிக்கமாட்டான், ஜன்னலைத் திறந்து கலைச்சு விடுறவன்!

— அம்மா... 'என்ர பிள்ளை' எண்டு சொல்லிப்போட்டீங்கள்.

— எனக்கும் கேட்டதடி.

— அப்ப இந்த மேல் வரிசைப் பிள்ளையும் உங்கடதோ, தங்கச்சி?

— ஓம் அண்ணை, ரெண்டும் என்ரதுதான். நான் யனுஷன்ர தாய். நீங்கள் ஆரெண்டு தெரிஞ்சுதான் வந்து இருந்தனான். அது மரியாதைக் கதிரையும் இல்லை, தண்டனைக் கூண்டு. பொய் சொன்னது நான், அவனில பிழை பிடிக்காதேங்கோ. பல்லுக் கட்டச் சொல்லி நான் எவ்வளவு காலமாக் கெஞ்சினனான், அசையேல்லை. உங்கட மகளின்ர படத்தைக் கண்ட அடுத்த நாளே தானாப் போய்ப் பல்லு டொக்டரிட்டை நாள் எடுத்துக்கொண்டு வந்திட்டான்.

— நீங்கள் தாயெண்டு எனக்கு அப்பவே தெரியும். அவன் விழுந்த நேரமெல்லாம் என்ர ஜக்கெற் கையைப் பிடிச்சு இழுத்ததில, இந்தா, தையல் விட்டுப் போச்சு. அவன் ஏன் இடிச்சவன் எண்டும் கண்டனான். உங்கட வாயால கேக்கவேணும் போல இருந்தது.

— கடவுளே! ஜக்கெற்றை நான் தைச்சுத் தாறன். அப்ப கலியாணப் பேச்சுக்கால்... ஞாயிற்றுக்கிழமை வரமாட்டியளோ?

— இன்னொரு ரோல்ஸ் தாங்கோ, சொல்லுறன். புரோக்கர் எங்களைப் பற்றி என்ன சொன்னவர்?

— சுவிஸில கன காலம் இருந்திட்டு வந்த ஆக்கள், இப்ப ஈஸ்ட் ஹாமில கடை, ஒரே மகள், பூனை மாதிரி அமைதியான பிள்ளை எண்டு.

— அந்த அமைதியை நான்தான் போடச் சொன்னனான். உள்ளதைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஓடியிடுவினம் எண்டு பயம்.

— என்ன அண்ணை, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?

— வருத்தமொண்டும் இல்லை. அவளும் அங்க ஐஸ் ஹொக்கி விளையாடினவள். அவளைக் கூண்டுக்குள்ள விடேக்கையெல்லாம், பக்கத்தில இருந்த எங்கட சனத்துக்கு, 'பிள்ளைக்குக் குளிருதாம், அதுதான் உள்ள இருக்கிறாள்' எண்டெல்லோ நான் சொல்லிச் சமாளிச்சனான். சே, இந்த மரியாதைக் கதிரை அப்ப என்ர மண்டையில ஓடேல்லையே!